பொருள்: ஒன்றுக்கு மேல்

கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும் கூட்டுக் குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். போன மாதம் திருவாரூரில் கல்யாண மண்டபத்தில் நீங்கள் நடத்திய கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். விவசாயிகள் சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், மாதர் அமைப்பு, சாதி ஒழிப்பு இயக்கம் என நான்கு தரப்பும் ஒரே மேடையில் இருந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தச் சண்டை வந்தது. கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, ‘குறுக்குவெட்டுத்தன்மை’ (சாதி, பாலினம், வர்க்கம் எல்லாம் ஒருவர் மேல் ஒன்றோடொன்று பின்னி விழுவதைச் சேர்த்துப் பார்ப்பது) என்ற பார்வையைப் பட்டியலின் முன்னுரையில் சேர்க்க வேண்டும் என்றார். மேடையிலிருந்த மூத்த தோழர், “அது அமெரிக்கச் சரக்கு. இருக்கிற ஒற்றுமையையும் துண்டு போட வந்தது” என்றார். நல்ல கைதட்டல். மாணவி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மைக் வேறு கைக்குப் போய்விட்டது. இலை போட்டுவிட்டார்கள் என்றதும் எல்லோரும் எழுந்துவிட்டோம், நானும்தான்.

நான் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறேன். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, வெள்ள நிவாரணம். திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குக் கடை மாறும். என் தொழிலின் முதல் பாடம், ஒரு மனுவுக்கு ஒரு பொருள். ‘பொருள்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரே வரி. அந்த வரியைப் பார்த்துத்தான் மனு எந்தத் துறைக்கு என்று முடிவாகும். இரண்டு குறையைச் சேர்த்து எழுதினால் அது இரண்டு மேசைக்குப் போய், இரண்டிலிருந்தும் ‘இவ்வலுவலகம் தொடர்பானதல்ல’ என்று திரும்பி வரும். அதனால் ஒருவர் எத்தனை சிக்கலோடு வந்தாலும் அதில் ஒன்றை மட்டும் உருவி எழுதுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அப்போது ஒரு அம்மா என்னிடம் வந்தார். தலித் குடும்பம், கணவர் இறந்து நாலு வருஷம். மாமனார் காலத்திலிருந்து கோயில் நிலம் மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், குத்தகை. நாற்று விட்டது, நட்டது, களை பறித்தது, கடன் வாங்கி உரம் போட்டது எல்லாம் அந்த அம்மாதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 8,000 ரூபாய் வரும். ‘பொருள்: பயிர்ச்சேத நிவாரணம் கோருதல்’ என்று எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும்மா என்றும் சொன்னேன்.

வரவில்லை. குத்தகைப் பதிவு இறந்துபோன கணவர் பெயரில் இருந்தது. பெயர் மாற்றக் கோயில் அலுவலகம் போனால், எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும், பாக்கி நெல்லையும் கட்ட வேண்டும் என்றார்கள். கொழுந்தன்மார், “பொம்பளைக்கு எதுக்குக் குத்தகை, நாங்க பாத்துக்கிறோம்” என்று கையெழுத்து போட மறுத்தார்கள். சரி, சங்கங்கள் எதற்கு இருக்கின்றன என்று நான்தான் ஒவ்வொன்றுக்கும் அனுப்பிவைத்தேன்.

விவசாயிகள் சங்கத்தில், இது பங்காளித் தகராறு, நாங்கள் நடுவில் வந்தால் ஊர் இரண்டாகும் என்றார்கள். உறுப்பினர் அட்டையும் கணவர் பெயரில்தான் இருந்தது. தொழிலாளர் சங்கத்தில், குத்தகைக்காரர் எங்கள் கணக்கில் வரமாட்டார் என்றார்கள். மாதர் அமைப்பில் டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் கேட்டார்கள். அடி, உதை, வரதட்சணை என்றால் நாளைக்கே வருவோம், இது நிலப் பிரச்சினை, விவசாயிகள் சங்கத்தைப் பாருங்கள் என்றார்கள். சாதி ஒழிப்பு இயக்கத்தில், எதிரி யார் என்று கேட்டார்கள். கொழுந்தன் என்றதும், “அவரும் நம்ம ஆளுதானே, இதில் வன்கொடுமை எங்கே வருது?” என்று முடித்துவிட்டார்கள்.

நாலு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பொருளுக்கு அவரவர் சொன்னது சரி. அந்த அம்மா ஏழு மாதம் அலைந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அலையவாவது முடிந்தது. கடைசியில், “ஏண்ணே, நான் எந்த லிஸ்ட்லயும் இல்லையா?” என்று கேட்டார். எல்லா லிஸ்டிலும் இருந்ததுதான் அவருக்கு வந்த வினை என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

மண்டபத்திலிருந்து வந்த அன்று இரவு, பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கும் இளம் வக்கீலிடம் அந்த அமெரிக்கச் சரக்கு என்னதான் என்று கேட்டேன். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்காம். அந்தக் கம்பெனி 1964-க்கு முன்பு கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்று விதி வைத்தார்கள். கடைசியில் சேர்ந்தவர்கள் யார்? அவர்கள்தான். 1976-ல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கம்பெனியில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள், ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. (அந்தப் பெண்கள் வெள்ளைக்காரர்கள், ஆபீஸ் வேலை.) இனப் பாகுபாடு என்றால், அதே கம்பெனி மீது ஏற்கெனவே இருக்கிற இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். (கம்பெனியில் அதுவரை இருந்த கறுப்பினத்தவர் ஆண்கள், பட்டறை வேலை.) இரண்டையும் சேர்த்து ஒரு புது வகையாகக் கேட்கக் கூடாது. கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989-ல் இந்தத் தீர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டுதான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்திருக்கிறார்.

கேட்டு முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். இதே மனுவைத்தான் நான் எழுதித் தோற்றேன்.

தமிழில் அந்தச் சொல் சரியாக அமையவில்லை என்பது உண்மை. ‘குறுக்குவெட்டு’ என்றால் பாடப் புத்தகத்தில் தண்டை அறுத்து வரைந்த படம்தான் ஞாபகம் வருகிறது. திருபுவனம் தறிக்காரர் யாரையாவது கேட்டிருந்தால் பாவும் ஊடையும் என்று நல்ல பெயராகக் கொடுத்திருப்பார். அது இருக்கட்டும். இறக்குமதி என்று தள்ளுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. மார்க்ஸ் மன்னார்குடிக்காரர் இல்லை. தஞ்சைப் பண்ணையாட்களைச் சேர்த்து நிறுத்திய பி. சீனிவாச ராவும் கன்னட நாட்டிலிருந்து வந்தவர். பெண்ணைச் சாதிக்குள்ளேயே கட்டிவைக்கும் அகமணத்தால்தான் சாதி நிற்கிறது என்று அம்பேத்கர் வாசித்த கட்டுரை 1916-ல் நியூயார்க்கில் வாசித்தது. சாதியையும் பெண்ணையும் தனித்தனி மனுவாக அவர் எழுதவில்லை.

கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களை நிலக்கிழார்களின் ஆட்கள் குடிசையோடு எரித்த கீழ்வெண்மணிக்கு வருகிறேன். மூத்த தோழர் அன்று அதைத்தான் ஆதாரமாகச் சொன்னார். செங்கொடியின் கீழ் ஒன்றாக நின்றதால்தான் கூலி கேட்க முடிந்தது, பிரித்துப் பார்த்திருந்தால் கேட்டிருக்கவே முடியாது என்றார். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவைக் ‘கூலிப் போராட்டம்’ என்ற ஒரே பொருளில் எழுதிவிட முடியுமா, யோசித்துப் பாருங்கள். கூலி கேட்டவர்களில் மற்ற சாதியினரும் இருந்தார்கள். குடிசைக்குள் எரிந்த 44 பேரும் தலித்துகள். அந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஏன் எரித்தார்கள் என்பதைக் ‘கூலி’ என்ற பொருள் சொல்கிறது. யார் எரிந்தார்கள் என்பதற்குச் சாதியும் வேண்டும், அன்று இரவு ஓட முடியாமல் வீட்டில் இருந்தவர்கள் யார் என்ற கேள்வியும் வேண்டும். அடுத்த வருஷமே இங்கே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி என்ற பொருளுக்கு வந்த பதில் அது.

இதனால் மாணவி சொன்னது எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. சாதி, பாலினம், மதம், நிறம், மாற்றுத்திறன் என்று கட்டம் போட்டு, எத்தனை கட்டத்தில் டிக் விழுகிறதோ அத்தனை ஒடுக்குமுறை என்று கூட்டச் சொல்லும் தாள். தொண்டு நிறுவனக் கணக்கெடுப்புகளில் இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன், கட்டத்துக்குப் பத்து ரூபாய் வீதம் நிரப்பியும் கொடுத்திருக்கிறேன். அது மார்க் போடுகிற வேலை. நான் சொன்ன அம்மாவின் கஷ்டம் தலித் கஷ்டத்தோடு பெண் கஷ்டத்தைக் கூட்டி வந்த மொத்தம் இல்லை. கோயில் குத்தகை, ஆண் பெயர்ப் பதிவு, விதவை, கையகல நிலம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்து முறுக்கியதில் புதிதாக விழுந்த முடிச்சு அது. அப்புறம், நிலம் யார் கையில், விளைச்சல் யார் வீட்டுக்குப் போகிறது என்ற கேள்வியும் அந்தத் தாளில் ஒரு கட்டமாகச் சுருங்கிக் கிடந்தது. மூத்த தோழருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஒருவர் எந்த இடத்தில் விழுந்தார் என்பதை இந்தப் பார்வை காட்டும். யார் தள்ளினார் என்று கண்டுபிடிக்க உங்கள் பழைய வர்க்கப் பாடமே வேண்டும்.

நம் ஊர்ச் சட்டத்துக்கு இது ஒன்றும் புரியாத விஷயமும் இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த பஞ்சாயத்துச் சட்டத் திருத்தத்திலேயே, பட்டியல் சாதி இடங்களுக்குள் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சாதிப் பெண்களுக்கு என்று தனியாக எழுதிவைத்தார்கள். ஆனால் நாற்காலியை ஒதுக்குவது வேறு, உட்கார விடுவது வேறு. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் போனது. ஆண் தலைவராக இருந்திருந்தால், அல்லது வேறு சாதிப் பெண்ணாக இருந்திருந்தால் அந்தத் தரை அவருக்குக் காத்திருந்திருக்குமா?

உச்சநீதிமன்றமும் 2021 ஏப்ரலில் ஆந்திர வழக்கு ஒன்றில் இதைப் பேசியிருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் பிறவியிலேயே பார்வையில்லாத பட்டியல் சாதிப் பெண். சாதி, பாலினம், பார்வையின்மை மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியது. ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. ஆனாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு நிற்கவில்லை. குற்றம் நடந்தபோது இருந்த சட்டப்படி, சாதியின் காரணமாகத்தான் செய்தான் என்று தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்தே செய்தான் என்றால் போதும். சட்டத்தில் ஒரு சொல் மாறினால் யாருக்கு வாசல் திறக்கும் என்பது மனு எழுதுகிறவனுக்குப் புரியும்.

இனி உங்கள் பட்டியல். ஏழாவது கோரிக்கை ‘சம வேலைக்குச் சம கூலி’. 1976-லிருந்து அது சட்டம். நம் வயலில் சம வேலை என்று ஒன்று எங்கே இருக்கிறது? வரப்பு வெட்டுவதும் மூட்டை தூக்குவதும் ஆண் வேலை, நடவும் களையும் பெண் வேலை. வேலையையே பிரித்துவைத்தபிறகு சமம் என்ற பேச்சு வராது. நடவு மெஷினும் களைக்கொல்லியும் வந்து முதலில் எடுத்துக்கொண்டதும் நடவாட்களின் வேலையைத்தான். நடவாட்களில் பெரும்பாலோர் எந்தத் தெருப் பெண்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த இழப்பு விவசாயிகள் பட்டியலிலும் இல்லை, மாதர் பட்டியலிலும் இல்லை.

பதினோராவது, குத்தகைதாரர் பதிவு. அதில் ‘குத்தகைதாரர்’ என்று எழுதியதை ‘பயிர் செய்யும் கணவன், மனைவி இருவர் பெயரிலும்’ என்று மாற்றுங்கள். கணவர் இறந்தால் மனைவி பெயருக்குப் பதிவு தானாக மாற வேண்டும், பங்காளி கையெழுத்து கேட்கக் கூடாது. நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். நாகை மாவட்டம் கூத்தூரிலிருந்து காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-ல் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பு, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தபோது பெண்கள் பெயரில்தான் பதிவு செய்தது. முன்னுரையில் குறுக்குவெட்டு என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களும் அந்த மாணவியும் பேசிக்கொள்ளுங்கள். எனக்குப் பதினோராவது மாறினால் போதும்.

இன்னொன்று. உங்கள் நான்கு அலுவலகத்திலும் ஆளுக்கொரு நோட்டு போடுங்கள். ‘இது எங்கள் பிரச்சினை இல்லை’ என்று யாரையாவது திருப்பி அனுப்பினால் எங்கே அனுப்பினோம் என்று அதில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை நாலு நோட்டையும் ஒரே மேசையில் விரியுங்கள். ஒரே பெயர் நாலிலும் இருந்தால் அங்கேதான் உங்கள் அடுத்த போராட்டம்.

அடுத்த கூட்டம் எப்போது என்று சொல்லி அனுப்புங்கள். அந்த அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். இந்தக் குறுவைக்கும் அவர்தான் நாற்று விட்டிருக்கிறார், பதிவு இன்னும் இறந்தவர் பெயரில்தான். மாணவியையும் கூப்பிடுங்கள், மைக்கையும் கொஞ்ச நேரம் அவர் கையில் விட்டுவையுங்கள். மனுவின் படிகள் என்னிடம் இருக்கின்றன, எடுத்து வருகிறேன். ஜெராக்ஸ் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவன்,
திருவாரூர் மாவட்டம்