போரும் வாழ்வும்: முதல் பாகம் முடித்தேன்

அன்புள்ள கண்ணா,

நீ படிக்கச் சொல்லிக்கொண்டே இருந்த டால்ஸ்டாயை ஒருவழியாகக் கையில் எடுத்துவிட்டேன். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த 'போரும் வாழ்வும்' நாவல். முதல் பாகம் முடிந்தது. பெயர்கள்தான் பாடாய்ப் படுத்தின. நடாலியாவும் நடாஷாவும் ஒரே பெண் என்று பிடிபட்ட பிறகு வேகம் கூடியது.

கதை தொடங்குவது 1805-ல், ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சீமாட்டி வீட்டு விருந்தில். எல்லோரும் நெப்போலியனைத் திட்டுகிறார்கள், அதுவும் பிரெஞ்சு மொழியிலேயே! அங்கே பியர் நுழைந்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. தடித்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, எங்கே எதைப் பேசுவதென்று தெரியாத வெள்ளை மனசு. போலீஸ்காரரைக் கரடியோடு கட்டி ஆற்றில் விட்ட கூட்டத்தில் அவனும் இருந்தான் என்றபோதுகூட அவனை வெறுக்க முடியவில்லை. அவன் அப்பாவின் உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது, உயில் இருக்கும் பைக்காக வெளியே இரண்டு பெண்கள் மல்லுக்கு நிற்கிறார்களே, படிக்கவே உடம்பு கூசியது.

பியரின் நண்பன் ஆந்த்ரேமேல்தான் எனக்குத் தீராத கோபம். அவன் மனைவி லிஸா வாயும் வயிறுமாக இருக்கிறாள், பயமாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறாள். அவனோ அந்நியரிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுகிறான். அந்த மரியாதை அடியைவிட மோசம்.

ஆனால் போருக்குப் புறப்படும் முன் அவன் அப்பாவிடம் விடைபெறுகிறானே, அந்தக் கட்டத்தை எத்தனை தடவை படித்தாலும் அலுக்கவில்லை. கிழவர் எழுதுவதை நிறுத்தாமல், இங்கே முத்தமிடு என்று கன்னத்தைக் காட்டுகிறார். நீ செத்தால் எனக்கு வலிக்கும், என் மகனாக நடக்கவில்லை என்று கேள்விப்பட்டால் அவமானமாக இருக்கும் என்கிறார். அப்பா, அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்கிறான் இவன். கடைசியில் "போ!" என்று கத்தி அனுப்பிவிடுகிறார். அவன் போன பிறகு, மூடிய அறைக்குள்ளிருந்து துப்பாக்கி வெடிப்பது போல ஒரு சத்தம், திரும்பத் திரும்ப. கிழவர் மூக்கைச் சிந்துகிறார். அழுதார் என்று டால்ஸ்டாய் ஒரு வார்த்தை எழுதவில்லை.

உன் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசி என்றார்.

அடுத்த பாகம் போர்முனை. கிரிமியப் போரில், செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப் படையில் நின்ற டால்ஸ்டாய் எழுதியது. அலங்காரம் பண்ணி ஏமாற்றமாட்டார் என்றுதான் பயமே. ரஸ்தோவ் வீட்டுப் பையன் நிகோலாயும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை அவனுக்கு. யார் திரும்பி வருவார்கள் என்று இப்போதே சொல்லிவிடாதே. நீ முதலில் படித்தபோது யார் பக்கம் நின்றாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா