வயதானவர்கள் நடிக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்கும் முதியவர்களை, நடிக்கிறார்கள் என்று ஏசுவது நிற்க வேண்டும். எங்கள் குடியாத்தத்தில் ஒரு பாட்டிக்குப் பேத்தியின் பெயர் தெரியாது. காலையில் சாப்பிட்டதும் நினைவில்லை. ஆனால் மடியில் முறத்தை வைத்தால் போதும், இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றிப் பீடியை முடித்துவிடுகிறார். "இது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள்.

புது நினைவைப் பதிய வைப்பது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ். கை பழகிய வேலைக்குச் சிறுமூளை போன்ற வேறு பகுதிகள் துணை. முகங்களை அடையாளம் காண இன்னொரு பகுதி. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இருபக்க ஹிப்போகேம்பஸிலும் முன்பகுதியை அகற்றினார்கள். அப்புறம் சற்றுமுன் பேசியவரைக்கூட அவருக்கு நினைவில்லை. ஆனாலும் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்ததே தெரியாமல்! பாட்டியின் கதையும் இந்த வகைதான்.

அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸை ஒட்டிய இடத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவாலும் வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனை கூடச் செய்யாமல் "வயசாச்சு" என்று விட்டுவிடுவது பெரிய அநியாயம். தள்ளாத வயதில் எல்லோராலும் பஸ் ஏறி வேலூர் போக முடியாது. தாலுகா அரசு மருத்துவமனைகளிலேயே வாரம் ஒரு நாள் முதியோருக்கு நினைவாற்றல் பரிசோதனை நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், குடியாத்தம்