ராஜினாமா மட்டும் வேண்டாம்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த கூட்டமும் ஆபீஸ் வேலையும் சேர்ந்துகொண்டதில் உட்கார்ந்து பதில் எழுத இன்றைக்குத்தான் பொழுது கிடைத்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நீ பாட்டியாகப் போகிறாய் என்றதும் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பாவாடை தாவணியில் நீ பாமணி ஆற்றுப் பாலத்தில் நின்றதெல்லாம் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

இங்கே சம்பா அறுவடை மும்முரமாக நடக்கிறது. அறுவடை மெஷினுக்கு ஆள் ஆளுக்குப் போட்டி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். ரோட்டில் பாதியை நெல்தான் அடைத்துக்கொண்டு காய்கிறது. தம்பி இரண்டு ராத்திரியாகக் களத்திலேயே படுத்துக் கிடக்கிறான். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், தைலம் தடவிக்கொண்டு ஓட்டுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாய். மருமகள் கணக்கு எழுதுகிற ஷோரூமில், "ஏழாம் மாசத்தோட நின்னுக்கம்மா, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு, குழந்தை பொறந்து கொஞ்சம் வளர்ந்ததும் வா, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள், அவளும் சரி என்று வந்துவிட்டாள், முதலாளி தன்மையாகத்தான் பேசினாராம் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. மங்கை, அவள் எந்தக் காரணம் கொண்டும் ராஜினாமா எழுதிக் கொடுக்கக் கூடாது. வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை மட்டும் விட வேண்டாம்.

ஆடிட்டர் ஆபீஸில் சம்பளப் பட்டியலும் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு, பிஎஃப் கணக்கும் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் திடீரென்று காணாமல் போகும். கோப்பைப் புரட்டினால் சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று நாலு வரிக் கடிதம் இருக்கும். ஒரே மாதிரி வாசகம், கையெழுத்து மட்டும் வேறு வேறு. இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே பெண் புதிய ஆளாக, குறைந்த சம்பளத்தில் திரும்ப வருவாள். முந்தைய சர்வீஸ் அத்தனையும் போயிருக்கும்.

எதற்காகக் கடிதம் கேட்கிறார்கள் தெரியுமா? பிரசவ விடுப்பில் இருக்கிற பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி குற்றம். கர்ப்பமாக இருக்கும்போதே நிறுத்தினாலும், அவளுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். தானாக விலகினாள் என்று தாள் இருந்தால் இது எதுவும் அவர்களைத் தொடாது. அதனால்தான் தன்மையாகப் பேசுகிறார்கள்.

1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. அதுவரை 12 வாரமாக இருந்த சம்பளத்தோடு கூடிய விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்ற பெரிய சட்டத்துக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அதுதான் அமலில் இருக்கிறது. பழைய சட்டமே இல்லை என்று ஷோரூமில் யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 26 வாரம் அப்படியே இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கிற கடைக்கே இது பொருந்தும், அங்கே நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அவள் மூன்று வருஷமாகப் போகிறாள், அதைப் பற்றிக் கேள்வியே இல்லை.

அந்த 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். முன்னால் எவ்வளவு குறைவாக எடுக்கிறாளோ, அவ்வளவும் குழந்தை பிறந்த பிறகு கையில் இருக்கும். உடம்பு இடம் கொடுத்தால் பங்குனிக் கடைசி வரை போகட்டும், முடியாவிட்டால் முன்னாலேயே நின்றுகொள்ளட்டும், அது அவள் இஷ்டம். பிரசவம் ஆன ஆறு வாரத்துக்கு மட்டும் அவளாக வந்தாலும் வேலை வாங்கக் கூடாது.

அவள் சம்பளம் 24,000 என்கிறாய். 21,000-க்குள் இருந்தால் ஈஎஸ்ஐ-யில் இருப்பாள், பணத்தை ஈஎஸ்ஐ கொடுத்திருக்கும். இவள் அதற்கு மேல் போய்விட்டதால் முதலாளியே தர வேண்டும். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியைப் போட்டு, 26 வாரத்துக்குக் கணக்கிட்டால் ஒன்றரை லட்சத்துக்குக் கிட்டத்தில் வரும். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை டாக்டர் சான்றிதழைக் காட்டியதும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிரசவச் செலவை நிர்வாகம் ஏற்காவிட்டால் மருத்துவப் போனஸ் என்று 3,500 ரூபாய் தனி. நான்கு வரியில் எழுதி வாங்கப் பார்ப்பது இத்தனையையும்தான்.

வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தானே என்று அவள் தயங்குவதாக எழுதியிருந்தாய். அதற்கும் வழி இருக்கிறது. ஒப்பந்தம் பாதியில் முடிந்தாலும் மகப்பேறு சலுகை முழுக் காலத்துக்கும் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, ஒப்பந்த டாக்டர் ஒருவர் போட்ட வழக்கில்.

முதலாளி பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. ஈஎஸ்ஐ-யில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கு முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் மாதாமாதம் கட்டுகிறார்கள். 14,000 சம்பளக்காரிக்கு இரண்டும் சேர்த்து 560 ரூபாய். ஊர் முழுக்கச் சேர்ந்து சீட்டுக் கட்டுகிற மாதிரி, பிரசவம் வருகிறவளுக்கு அதிலிருந்து போகிறது, எந்த ஒரு கடைக்கும் தனியாகக் கை கடிக்காது. 21,000-ஐத் தாண்டியதும் மொத்தச் சுமையும் ஒரே முதலாளி தலையில் விழுகிறது. அதனால்தான் இண்டர்வியூவில் "கல்யாணம் ஆயிடுச்சா, எப்போ?" என்று முதல் கேள்வி கேட்கிறார்கள். 1928-ல் பம்பாய் சட்டசபைக்கு மகப்பேறு மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகிறது. அதைச் செய்திருந்தால் இன்றைக்கு உன் மருமகளிடம் யாரும் கடிதம் கேட்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காக, அது வரும்வரை பெண்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது நியாயமில்லை.

என் பெரியவள் பிறந்தபோது நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. அப்போது சட்டத்திலேயே 12 வாரம்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அதையும் தரவில்லை, ஒன்றரை மாதத்தில் வந்து சேர், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றார்கள். போனேன். பதினொரு மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொள்ளும். கைக்குட்டையை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன், அதுவும் நனைந்து புடவை முந்தானை வரை ஈரமாகும். லெட்ஜரை மார்போடு அணைத்துக்கொண்டுதான் எழுந்து நடப்பேன். பாத்ரூமில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவேன், அந்த நேரம் வீட்டில் அவள் சங்கில் பசும்பால் குடித்துக்கொண்டிருப்பாள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு என்று அப்போதே சட்டத்தில் இருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஈரத்தை இன்னொரு பெண் பட வேண்டாம், மங்கை.

வேலையில் சேரும்போதே இந்தச் சலுகைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னது. அவளுடைய ஆர்டரை எடுத்துப் பார்க்கச் சொல். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வைக்க வேண்டும். நான் கணக்குப் பார்த்த பெரிய ஜவுளிக்கடைகளில் அப்படி ஒரு அறையை இதுவரை பார்த்ததில்லை.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள். எதிர்வீட்டு டீச்சர் அரசுப் பள்ளி. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2011-ல் ஆறு மாதம், 2016-ல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று கூடிக்கொண்டே வந்தது. அவள் முழுச் சம்பளத்தோடு ஒரு வருஷம் குழந்தையோடு இருந்தாள். நல்லது, இருக்க வேண்டியதுதான். உன் மருமகள் போன்றவர்களுக்கு 26 வாரம். தெருக்கோடியில் நடவுக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூடக் கிடையாது. இன்றைக்கு ஒருவர் வயல், நாளைக்கு இன்னொருவர் வயல், யாரிடம் போய் விடுப்புக் கேட்பாள்? புரட்டாசியில் நடவு நடந்தபோது பார்த்தேன், வரப்போரத்துப் பூவரசில் தூளி கட்டியிருந்தது. குழந்தை அழுதால் வரப்பேறி, சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பி, புடவையில் துடைத்துக்கொண்டு பால் கொடுத்தாள். மற்றவர்கள் அவள் விட்ட முனையையும் சேர்த்து நட்டார்கள். அவள் கூலி குறையக் கூடாதே என்று.

அவளுக்குக் கிடைத்தது முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம்தான். 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018 முதல் 18,000 ரூபாய், அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. புதுக்கோட்டையில் பிறந்து டாக்டரான அந்த அம்மாள் பெயரில் இருப்பது பொருத்தம்தான். ஆனால் ஒரு நடவும் ஒரு அறுப்பும் விட்டுப்போனதற்கு அது ஈடாகுமா? கிராம நர்ஸிடம் ஆரம்பத்திலேயே பதிந்து நம்பர் வாங்கினால்தான் அதுவும். அவளுக்கு யாரும் எதுவும் தராத நிலையில், கையில் வந்திருப்பதை உன் மருமகள் தானே எழுதிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

அப்புறம் உன் பிள்ளை. பொன்மலை ரயில்வே பணிமனையில் இருக்கிறான், மத்திய அரசுச் சம்பளம். அவனுக்கு 15 நாள் தந்தை விடுப்பு இருக்கிறது. பிரசவத்துக்குப் பதினைந்து நாள் முன்னாலிருந்து, குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் போய்விடும். முதல் பிரசவம் திருத்துறைப்பூண்டியில் தாய்வீட்டில் என்பதால் தனக்கு அங்கே என்ன வேலை என்று நினைப்பான். ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க, துணி மாற்ற, சம்பந்தியம்மாள் கொஞ்சம் கண் அசர, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். மாமியார் வீட்டில் பதினைந்து நாள் போய் உட்காருவது கௌரவக் குறைச்சல் என்று அண்ணன் ஏதாவது சொன்னால், நான் சொன்னேன் என்று சொல். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்குக் கூட இந்த விடுப்பு கிடையாது. தனியாரில் சட்டமே இல்லை. கிடைத்தவன் எடுக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. மருமகள் மகப்பேறு விடுப்புக் கேட்டு எழுத வேண்டிய கடிதத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். விடுப்பு தொடங்கும் தேதி, பிரசவ தேதி, பணத்தை யாரிடம் கொடுக்கலாம் என்ற பெயர், இந்த மூன்றும் அவள் நிரப்ப வேண்டும். டாக்டர் சான்றிதழை இணைத்து இரண்டு பிரதி எடுத்துப் போகட்டும். ஒன்றில் பெற்றுக்கொண்டதாக சீலும் தேதியும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்பலாம், மெயிலிலும் அனுப்பி வைக்கட்டும். சண்டையெல்லாம் வேண்டாம், மரியாதையாகவே பேசலாம். திரும்பவும் ராஜினாமா பேச்சு எடுத்தால், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிடட்டும், அங்கேயே உட்கார்ந்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அந்த நிலை வந்தால் நான் லீவு போட்டுக்கொண்டு தஞ்சாவூர் வருகிறேன், கூடவே போவோம்.

வளைகாப்பு எந்தத் தேதி என்று குறித்ததும் எழுது. புளியோதரை, தேங்காய்ச் சாதம் என் பொறுப்பு. அம்மா இப்போதே கண்ணாடி வளையல் வாங்கி வைக்கச் சொல்கிறாள். மருமகள் கை அளவு எனக்குத் தெரியாது, அதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் கோமதி
மன்னார்குடி