கடல் பார்க்காத நாம்

டிக்கோயா
ஆடி 12

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே இரண்டு கிழமையாக விடாத மழை. லயத்து வரிசை வீட்டுச் சுவரெல்லாம் ஓதம், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலெல்லாம் அட்டை. நீயோ ஊவாப் பக்கம் பசறையில் கச்சான் காற்று அடித்து மண் வெடிக்கிறது என்கிறாய். இரண்டும் ஒரே காற்றுதான் மச்சான். கடலில் அள்ளி வந்த ஈரத்தை எங்கள் பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக உங்கள் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் வருவதும் அதனால்தான்.

அப்புறம், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி என் பாட்டி சொல்வது ஞாபகம் இருக்கிறதா? புளியங்கொட்டையை வறுத்துத் தின்றார்களாம். தாது வருஷம் என்பது 1876. அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறுவருஷம் பசிபிக் கடல் பெரு நாட்டுப் பக்கமாகச் சூடேறி, எல் நினோ வந்து, வறட்சி இன்னும் கொடுமையானது. கிறிஸ்மஸ் சமயத்தில் வருகிற சூட்டு நீரோட்டத்துக்குப் பெரு மீனவர்கள் வைத்த பெயர் அது. குழந்தை யேசு என்று அர்த்தம். இந்தியாவில் செத்தவர்கள் 50 இலட்சத்துக்கும் மேல். கடலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் பட்டினி கிடந்தபோதும் தானியத்தைச் சீமைக்குக் கப்பல் ஏற்றியது மனிதர்கள்தானே.

அந்தப் பசியில்தான் நம் ஆட்கள், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி பின்னால் கடல் தாண்டி இலங்கைக்கு வந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. வந்து சேர்ந்த நேரம் தோட்டங்களில் கோப்பிச் செடியும் செத்துக்கொண்டிருந்தது. இலைத்துரு நோய் 1869இல் முதலில் தெரிந்தது உங்கள் பக்கத்து மடுல்சீமையில். காற்றில் பரவி, ஈர இலையில் முளைக்கிற பூஞ்சணம் அது. நம் மழைக்காற்று அதற்கு வாகனமாகிவிட்டது. கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும், முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கோ வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அப்படித்தான் குடும்பம் குடும்பமாக இங்கேயே தங்கிப்போனோம்.

என் அம்மா சாகும்வரை கடலைப் பார்த்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

மழை விட்டதும் தலைமன்னார் கடற்கரைக்குப் போய்வருவோமா? இரண்டு நாள் போதும். உன் அம்மாவிடம் அவர்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டு, மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜு