கூச்சம் அன்று, பழைய அச்சம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலங்களில் 'கூச்சத்தை உதறுங்கள், துணிந்து மேடையேறுங்கள்' என்று இளைஞர்களுக்கு அறிவுரை கூறும் கட்டுரைகள் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அரசுப் பணித் தேர்வுகளுக்கு நெடுங்காலமாகப் பயிற்சியளித்து வருபவன் என்ற முறையில், இந்த அறிவுரை யாருக்குப் பெரிதும் தேவை என்று கருதப்படுகிறதோ அவர்களுக்கே பயன்படுவதில்லை என்பதைக் கூற விரும்புகிறேன்.

எங்கள் மையத்தின் மாதிரித் தேர்வுகளில் எப்போதும் முன்னணியில் இருக்கும் ஒரு பெண், குரூப் 1 தேர்வுக்கு விண்ணப்பிக்கவே மறுத்துவிட்டார். பாடச்சுமையைக் கண்டு அவர் அஞ்சவில்லை. அதில் நேர்முகத் தேர்வு உண்டு, எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடும் குரூப் 4 போதும் என்றார். 'எனக்கெல்லாம் அது எதுக்கு சார்?' என்பதற்கு மேல் விளக்கம் வரவில்லை. மதிப்பெண் பட்டியலில் தம் பெயர் முதலில் ஒட்டப்பட்ட நாள்களில் அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். கேள்விக்கு விடை சொல்லும்போது கை தானாக வாயை மறைக்கும். தொடக்கப்பள்ளியில் கணக்குத் தவறியதற்காகப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டு, உடன்படித்தவர்களைக் கொண்டே கேலி செய்யப்பட்டதையும், வீட்டில் உறவினர் முன்னிலையில் தந்தையிடம் அடி வாங்கியதையும் வெகுநாள் கழித்தே சொன்னார். (அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.)

பிறர் கண்ணில் பட்டால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட குழந்தைக்கு மறைந்திருப்பதே பாதுகாப்பு. தன்னை வளர்ப்பவர்களைத் தவறானவர்கள் என்று எண்ணினால் அண்டி வாழ வேறு இடம் இல்லை என்பதால், தவறு தன்னிடமே இருக்கிறது என்று அது முடிவு செய்துகொள்கிறது. அந்த முடிவு வளர்ந்த பின்னும் மாறாமல் நிற்பதைத்தான் நாம் 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாடு, நீடித்த கொடுமைகளுக்குப் பின் வரும் மனப்பாதிப்பைத் தனியே குறிப்பிட்டு, தான் மதிப்பற்றவர் என்ற ஆழ்ந்த நம்பிக்கையையும் அதனோடு வரும் அவமான உணர்வையும் அதன் அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது. கூச்சப்படுவோர் எல்லோருக்கும் இப்பாதிப்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால், இருப்பவர்களை 'தைரியமாகப் பேசு' என்று அதட்டுவது பழைய பெஞ்சின்மேல் மறுபடியும் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 'முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்' என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. அது கிடக்கட்டும், ஏற்கெனவே அடிபட்டு வளர்ந்துவிட்டவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இவர்களுக்குத் தேவைப்படுவது சிறுகச் சிறுகப் பழகும் வாய்ப்பு. நம்பிக்கைக்குரிய ஒருவர் முன் ஒரு பக்கம் வாசிப்பது, பிறகு மூவர் முன் உட்கார்ந்தபடியே பேசுவது, வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும் உரிமை அவர் கையிலேயே இருப்பது ஆகியவை கைதட்டலைவிடப் பெரிதும் உதவுவதைக் கண்டிருக்கிறேன். பாராட்டும்போதும் 'நீ பெரிய திறமைசாலி' என்றால் அவர்கள் நம்புவதில்லை. 'இந்த விடையில் இரண்டாவது காரணம் தெளிவாக இருந்தது' என்றால் மறுக்க முடியாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். காயம் ஆழமானதாக இருந்தால் மனநல மருத்துவரோ உளவியலாளரோதான் அதைக் கையாள வேண்டும். பயிற்றுநர் அந்த வேலையைத் தம் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

மாணவர்களின் திறன் வளர்ப்புக்காகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களில் ஆளுமைப் பயிற்சி அளிப்போருக்கு இதைப் பற்றி அரை நாள் வகுப்பேனும் நடத்த அரசு முன்வர வேண்டும். முதல் நாளே மைக்கைக் கையில் திணிக்கும் வழக்கத்தைப் பயிற்சி மையங்கள் கைவிட வேண்டும். 24 மணி நேரமும் கட்டணமின்றி தொலைபேசியில் மனநல ஆலோசனை வழங்கும் அரசின் 'டெலி மானஸ்' சேவை எண்ணான 14416-ஐ, மதிப்பெண் பட்டியல் ஒட்டும் அதே பலகையில் நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுப் பயிற்றுநர் ஒருவர்,
திருநெல்வேலி.