செங்கால் மரமும் உன் அப்பாவின் உளியும்

பாலிக் பூலாவ், பினாங்கு
ஆகஸ்டு 3

அன்புள்ள நண்பா,

உனக்குப் பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனாவைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. இரண்டு மாதமாகக் கையில் உளிதான்.

தோட்டத்தில், டுரியான் விழும் எல்லைக்கு வெளியே, 10 அடிக்கு 12 அடியில் ஒரு மரக்கொட்டகை எழுப்பிக்கொண்டிருக்கிறேன். சட்டகத்தில் ஓர் ஆணியும் கிடையாது. விட்டத்தின் நுனியில் நாக்குப்போலச் செதுக்கும் கழுந்து, அது நுழையும் துளை, இறுக்க அடிக்கும் மரமுளை, அவ்வளவுதான். மலாய்க்காரர்கள் இந்த மரப்பொருத்தைத் 'தங்கம்' என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் நம் தமிழின் தங்கம்தான் நினைவுக்கு வருகிறது. பொருத்தமான பெயர்.

தூண்கள், இடித்த கம்பத்து (கிராமத்து) வீடு ஒன்றிலிருந்து வாங்கிய செங்கால். கரையான் எளிதில் அண்டாது. கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும் மரம். ஒரு தூணைப் புரட்டவே இன்னொருவர் வேண்டும். 6 அங்குலத் தூணில் 2 அங்குல அகலத்துக்குத் துளை பொளிப்பதற்குள் உளியை எத்தனை முறை தீட்டினேன் என்று கணக்கில்லை. தூண்களை மண்ணில் புதைக்கவில்லை. பழைய மலாய் வீடுகளைப் போலக் கல்மேல் நிறுத்தப் போகிறேன். மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தைக் குடித்துவிடும்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கழுந்தை இறக்கியபின் குறுக்கே முளை அடிக்கிறோம் அல்லவா, தூணின் ஓட்டைக்கு நேராகக் கழுந்தில் ஓட்டை போடக்கூடாது. 2 மில்லிமீட்டர் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாக, தள்ளிப் போட வேண்டும். அப்போதுதான் முளை உள்ளே போகப் போக விட்டத்தை இழுத்துத் தூணோடு இறுக்கும். முதல் விட்டத்தில் பக்கம் மாறிவிட்டது. அடிக்க அடிக்க, இறுக வேண்டிய இடம் என் கண்முன்னே விரிந்தது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு கருங்கோடு. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அந்த விட்டத்தை அறுத்து மூலைத் தாங்கல்களாக மாற்றினேன்.

அப்போது உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். செந்தூல் ரயில் பட்டறையிலிருந்து வந்தபின், வீட்டு வாசலில் பலகையில் ஒரு கோடு கீறிவிட்டு, வாளைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாரே. களைப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது நானும் அப்படியே நிற்கிறேன். வெட்டி எறியப் போகும் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட பிறகுதான் வாளை வைக்கிறேன். நீ எனக்குக் கொடுத்த அவருடைய உளியின் பிடியில், அவர் கட்டைவிரல் பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. என் விரலும் அங்கேதான் போய் அமர்கிறது.

தேசிய தின விடுமுறையில் சட்டகத்தைத் தூக்கி நிறுத்துகிறோம். அக்கம்பக்கத்தார் கோத்தோங் ரோயோங் முறையில், எல்லோரும் கூடி உழைத்து, கைகொடுக்கிறார்கள். செப்டம்பர் மழைக்குள் கூரை ஏறிவிட வேண்டும். நீ வா. அப்பாவின் கொட்டாப்புளி உன்னிடம்தானே இருக்கிறது, அதையும் எடுத்து வா. கடைசி முளையை நீதான் அடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்