செயலாளர் ஆண்டறிக்கை: கத்தரிச் செடியும் பொறிவண்டும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் போடும் நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அடைமழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிகம் பேசியது பொறிவண்டைப் பற்றித்தான். தப்பு என்னிடமிருந்து தொடங்கியது. கத்தரி இலையை வண்டு அரிக்கிறது, புள்ளி வைத்த எதைக் கண்டாலும் நசுக்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் நான்தான் போட்டேன். எல்லாரும் நசுக்கினீர்கள். கொஞ்ச நாளில் பயற்றங்கொடி நுனியெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்து, எறும்பு ஏறி, பிஞ்சு சுருண்டது. அந்த அசுவினியைத் தின்றுகொண்டிருந்த வண்டுகளையும் சேர்த்தே கொன்றிருந்தோம்.

அப்புறம்தான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தோம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பழகிய மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "செயலாளரே, புள்ளிய எண்ணாதீங்க. முதுகு மினுக்குதான்னு பாருங்க."

அவர் சொன்னதுதான் சரி. கத்தரியை அரிப்பது எபிலாக்னா என்னும் பொறிவண்டு. செங்கல் நிறம், மங்கல் முதுகு. சாய்த்துப் பார்த்தால் பூனைமுடி தெரியும். 28 புள்ளி என்பார்கள், 12 மட்டும் இருப்பதும் உண்டு. இலையைச் சுரண்டி வலைபோல் விட்டுவிடும். நமக்கு உதவும் வண்டுகளின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் வழவழக்கும். அதிகம் தென்படுவது மெனோக்கிலஸ்: பேர்தான் ஆறுபுள்ளி, முதுகில் இருப்பதோ நெளிநெளியான கருங்கோடு, ஒவ்வொரு இறக்கையிலும் இரண்டு, பின்னால் ஒரு பொட்டு. சிலவற்றில் கருப்பு பரவி வேறு வண்டோ என்று தோன்றும். காக்சினெல்லா என்றால் நடுமுதுகில் கருங்கோடு, இரு பக்கமும் கோணல் பட்டை. நெல்வயல் மைக்ராஸ்பிஸுக்குப் புள்ளியே கிடையாது. மாவுப்பூச்சி தின்னும் எள்ளளவு வண்டுகளுக்கும் முடி உண்டு. அதைப் பார்த்து அவற்றை நசுக்கிவிடாதீர்கள்.

புழுவைப் பார்த்தால் குழப்பம் குறைவு. எபிலாக்னா புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். அசுவினி தின்னும் புழு கருத்து நீண்டு குட்டி முதலைபோல் இருக்கும், ஆரஞ்சுத் திட்டோடு. இதைத்தான் நிறையப் பேர் முதலில் கொல்கிறோம், பார்க்க அருவருப்பாக இருப்பதால்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் செடியில் கண்ட வண்டை மூடியில் ஓட்டை போட்ட போத்தலில் உயிரோடு கொண்டுவாருங்கள். பார்த்துவிட்டு, பிடித்த செடியிலேயே விட்டுவிடலாம். எபிலாக்னாவை மட்டும் என்னிடம் கொடுங்கள்.

பின்குறிப்பு: என் பழைய வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்